தேய்ந்த பாறைத் துளைமுனைகளிலிருந்து கார்பைட்டைப் பிரித்தெடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: திருகோணமலை கன்னியா வீதிப் பக்கம் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி, கல்குவாரி ஒன்றும் குழாய்க்கிணறு துளைப்பவர் ஒருவரும் கழித்துவிட்ட பாறைத் துளைமுனைகளை, அதாவது பிட்களை, சாக்கு நிறைய வாங்கிவைத்திருக்கிறார். பழைய இரும்புக்காரர் அவற்றை இரும்பு விலைக்கே கேட்கிறார். முனையில் பதிந்திருக்கும் கடினமான துண்டுகளை எப்படி வெளியே எடுப்பது, காஸ் நெருப்பில் சூடாக்கலாமா, அமிலத்தில் போடலாமா, எடுத்தபின் அவற்றால் என்ன பயன் என்று கேட்கிறார்.

இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் இன்றைக்கே நெருப்பு மூட்டவும் வேண்டாம். ஒவ்வொரு பிட்டையும் கையில் எடுத்து, இந்தத் துண்டு எதனால் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். உருக்கி ஒட்டப்பட்டதா, இறுக்கிப் பொருத்தப்பட்டதா என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் சுத்தியலைத் தூக்குகிறவர்கள்தான் நல்ல துண்டை நொறுக்கிவிட்டு, கண்ணிலும் காயத்தோடு நிற்கிறார்கள்.

அந்தத் துண்டு டங்ஸ்டன் கார்பைட். சரியாகச் சொன்னால், டங்ஸ்டன் கார்பைட்டின் நுண்துகள்களைக் கோபால்ட் உலோகம் பசையாக நின்று பிடித்திருக்கும் ஒரு கலப்புப் பொருள். பாறை துளைக்கும் பிட்களில் கோபால்ட் பெரும்பாலும் நூற்றுக்கு 6 முதல் 12 பங்கு வரை இருக்கும். ஜெர்மனியில் விளக்கு இழை இழுக்கும் அச்சுகளுக்கு வைரம் கட்டுப்படியாகாமல் போனபோது, அதற்கு மாற்றாக ஓஸ்ராம் என்ற விளக்கு நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923 இல் உருவாக்கியது இது. நசுக்கும் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும். வளைப்பையும் பக்கவாட்டு அடியையும் தாங்காது. கண்ணாடித் துண்டு போலத் தெறிக்கும். இனிச் சொல்லப்போகும் எல்லாமே இந்தக் குணத்திலிருந்து வருபவை.

விலைக்கும் காரணம் உண்டு. உலகில் தோண்டியெடுக்கப்படும் டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிலிருந்து வருகிறது. 2025 பெப்ரவரியில் டங்ஸ்டன் பொருட்கள் பலவற்றின் ஏற்றுமதிக்கு அந்த நாடு உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உலகத் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்போதே பழைய துண்டுகளை மீட்டெடுப்பதால்தான் நிறைகிறது. ஆகவே உங்கள் சாக்கில் இருப்பது கழிவு அல்ல, தாதுவைவிடச் செறிவான மூலப்பொருள். எவ்வளவு தேறும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். 14 மில்லிமீற்றர் விட்டமும் 20 மில்லிமீற்றர் உயரமும் உள்ள ஒரு பட்டன் (பிட்டின் முகத்தில் பதித்திருக்கும், தலை உருண்ட கார்பைட் துண்டு), மேற்தலை உருண்டிருப்பதைக் கழித்தால், 40 கிராம் அளவுக்கு வரும். அப்படி இருபது பட்டன்கள் உள்ள குழாய்க்கிணற்று பிட்டில் முக்கால் கிலோகிராமுக்குக் குறையாது. எஞ்சிய பதினைந்து, இருபது கிலோகிராமும் உருக்குத்தான்.

நெருப்புக்கு முன் இன்னொரு கேள்வி: பிட் உண்மையில் செத்துவிட்டதா? பட்டனின் தலையில் தேய்ந்து தட்டையான வட்டம், பட்டனின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது அதைச் சாணை பிடித்து மீண்டும் உருண்டையாக்க வேண்டும் என்பது துளைப்புத் தொழிலின் விதி. உளிமுனைப் பிட்களில் வெட்டு விளிம்பு இரண்டு, மூன்று மில்லிமீற்றர் அகலத்துக்கு மழுங்கினால், 110 பாகைக் கோணத்தில் மீண்டும் தீட்ட வேண்டும். நம் பக்கத்துக் குவாரிகளில் இதைச் செய்பவர்கள் குறைவு. மழுங்கியதும் எறிந்துவிடுகிறார்கள். உங்கள் சாக்கில் சில பிட்களாவது வைரச் சாணையில் தீட்டினால் திரும்பவும் ஓடக்கூடியவையாக இருக்கும். பிட் ஆகத் திரும்ப விற்றால் கிடைப்பது, அதிலிருந்து உதிர்க்கும் கார்பைட்டின் விலையைவிட அதிகம். பட்டன்கள் உடைந்தவை, உருக்கு உடல் அரித்துப் பட்டன் வேர் வெளியே தெரிபவை, பக்கப் பட்டன்கள் தேய்ந்து துளையின் விட்டமே சுருங்கிப்போனவை ஆகியவற்றை மட்டும் பிரித்தெடுக்க ஒதுக்குங்கள்.

பிட் எந்த மண்ணில் வேலை செய்தது என்பதை அதன் முகமே சொல்லும். திருகோணமலையின் பாறையில் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் அதிகம். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையே குவார்ட்சைட் பாறைதான். அந்தப் பாறை கார்பைட்டை அரத்தால் தேய்ப்பது போல நேர்த்தியாகத் தட்டையாக்கும். தேய்மானம் வேகமாக இருந்தாலும் எஞ்சிய கார்பைட் உள்ளே நல்ல நிலையில் இருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் போன்ற தேய்ப்புக் குறைந்த பாறையில் நீண்ட நேரம் ஓடிய பட்டன் தேயாது, பளபளப்பாகும். பிறகு அதன் மேல் பாம்புத் தோல் வரிகளாக நுண்வெடிப்புகள் படரும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். அப்படி வெடித்த பட்டனை எந்தக் கருவியிலும் மீண்டும் வைக்க வேண்டாம். எடைக்கு விற்க மட்டுமே அது உதவும்.

இப்போது பிரிக்கும் வேலை. ஜாக்ஹாமரில் மாட்டும் அறுகோணத் துளைக்கம்பியின் நுனியில் ஒற்றைத் தகடாக இருப்பதும், சிலுவை வடிவ பிட்டில் நான்கு தகடுகளாக இருப்பதும் பிரேசிங் செய்து, அதாவது இடையில் ஓர் உலோகக் கலவையை உருக்கி, ஒட்டப்பட்டவை. தகட்டைச் சுற்றி மஞ்சளாகவோ வெள்ளியாகவோ ஒரு மெல்லிய கோடு தெரியும். வெள்ளிக் கலவை 620 முதல் 750 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். செம்பு, வெண்கலக் கலவைகளுக்கு 900 பாகைக்கு மேல் வேண்டும். காஸ் சுடரைக் கார்பைட்டின் மேல் நேராகக் காட்டக் கூடாது. பின்புற உருக்கைச் சூடாக்குங்கள்; வெப்பம் தானாக முன்னே வரும். கோடு மினுங்கி ஈரமானது போலத் தெரிகிற நேரத்தில், பழைய ஸ்குரூட்றைவர் நுனியால் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வரவில்லை என்றால் சூடு போதவில்லை என்று பொருள். நெம்பிப் பார்க்காதீர்கள். கம்பியைப் பிடிகருவியில் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் புவியீர்ப்பும் உங்களோடு சேர்ந்து வேலை செய்யும்.

பழைய வெள்ளி பிரேசிங் கலவைகள் சிலவற்றில் காட்மியம் இருக்கிறது. அதன் புகை சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலைத் தாக்கத் தொடங்கும். அப்போது அது வெறும் காய்ச்சல் போலத் தோன்றும். எந்தக் கம்பனியின் எந்தக் காலத்துப் பிட் என்று தெரியாத நிலையில், எல்லாவற்றிலும் காட்மியம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள். நம் ஊரில் கடல்காற்றுக்குக் குறைவில்லை. மூடிய பட்டறைக்குள் மின்விசிறியை நம்பிச் செய்ய வேண்டாம்.

குழாய்க்கிணற்று பிட்டிலும் பெரிய குவாரிப் பிட்டிலும் இருக்கும் உருண்டைப் பட்டன்கள் வேறு கதை. அவற்றில் ஒட்டு எதுவும் கிடையாது. உருக்கில் துளையிட்டு, அந்தத் துளையைவிட ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு மட்டும் பெரிதான பட்டனைப் பல தொன் அழுத்தத்தில் உள்ளே இறக்கியிருக்கிறார்கள். பட்டனைச் சுற்றி உருக்கின் பிடி ஒன்றுதான் அதை வைத்திருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் சுடவைத்துப் போடுவார்கள் அல்லவா, அதே தத்துவம்தான் இங்கே கழற்றுவதற்கும் உதவுகிறது. உருக்கு வெப்பத்தில் கார்பைட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 14 மில்லிமீற்றர் பட்டனில் 100 பாகை சூடேறினால் துளைக்கும் பட்டனுக்கும் இடையே ஏறத்தாழ 0.009 மில்லிமீற்றர் வித்தியாசம் உண்டாகிறது. 700 பாகை ஏறினால் அது 0.06 மில்லிமீற்றரைத் தாண்டும். பிடி தளர அது போதும். போதாக்குறைக்கு அந்தச் சூட்டில் உருக்கும் மென்மையாகிவிடும்.

இருபது கிலோ உருக்கைக் காஸ் சுடரால் சூடாக்க முயன்றால் சிலிண்டர்தான் தீரும். ஒரு பக்கம் சிவக்கும்போது மறுபக்கம் கருப்பாக இருக்கும். செங்கல்லால் ஒரு சிறிய உலை கட்டி, சிரட்டைக்கரி போட்டு, புளோவர் வைத்து ஊதுங்கள். பிட்டின் தலை கரிக்குள் புதைந்திருக்கட்டும். கரி சூழ்ந்திருந்தால் காற்றுப் படுவது குறையும்; அதனால் கார்பைட் கெடுவதும் குறையும். கார்பைட்டைத் திறந்த காற்றில் 600 பாகைக்கு மேல் நெடுநேரம் வைத்தால் மேற்பரப்பு ஒட்சியேற்றமடைந்து மஞ்சள் பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும். அந்தப் பொடியைக் கண்டால் சூடும் நேரமும் அளவு மீறிவிட்டன என்று அறியுங்கள். தலை முழுவதும் ஒரே சீராக மங்கலான செந்நிறம் எடுக்க வேண்டும். வெள்ளை நிறம் வரை போகத் தேவையில்லை.

உலையில் வைக்கும் முன் இரண்டு காரியங்களை விட்டுவிடக் கூடாது. பிட்டின் நடுவிலும் முகத்திலும் காற்றோ நீரோ போகும் துளைகள் உண்டு. சேறு காய்ந்து அவற்றை அடைத்திருக்கும். இரண்டு முனையும் அடைபட்ட துளைக்குள் ஈரம் இருந்தால், நெருப்பில் அது நீராவிக் குண்டாகிவிடும். கம்பியை விட்டு மறுபக்கம் வெளிச்சம் தெரியும்வரை குத்திச் சுத்தமாக்குங்கள். அடுத்து, மரைகளில் இருக்கும் கிரீஸைக் கழுவித் துடையுங்கள். துளைப்பு மரைக் கிரீஸ்களில் செம்பு, துத்தநாகம், சிலவற்றில் ஈயமும் கலந்திருக்கும். அந்தப் புகை வேண்டாம்.

சிவந்த பிட்டை இரண்டு பேர் நீண்ட குறடால் பிடித்து, முகம் கீழே பார்க்க, உலர்ந்த மணல் நிரப்பிய தகரத் தட்டின் மேல் நிறுத்துங்கள். அடிக்க வேண்டியது உருக்கின் தோளில். பட்டனில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. வெளிவட்டப் பட்டன்கள் முதலில் விழும், ஏனென்றால் அவற்றின் வெளிச்சுவர் மெல்லியது. நடுவில் உள்ளவை பிடிவாதமாக இருக்கலாம். திரும்பச் சூடாக்கி அடுத்த சுற்றில் எடுங்கள். விழுந்த பட்டனைத் தண்ணீரில் போடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் வெடிப்பு விழுந்து, வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும். மணலில் தானாக ஆறட்டும். மணல் ஆற்று மணலாக இருந்தால் நல்லது. கடற்கரை மணலில் உப்பும் ஈரமும் நிற்கும்.

எந்தச் சூட்டுக்கும் மசியாத பட்டனுக்கு, பிட் முழுதாக ஆறியபின், துளையின் ஓரமாக வெளிப்பக்க உருக்கைக் கிரைண்டரால் கீறி, துளைச் சுவர் மெலிந்ததும் உளியால் விரிக்கலாம். கிரைண்டர்த் தட்டு கார்பைட்டைத் தொடுமுன் நிறுத்திவிட வேண்டும். சூடு பட்ட பிட் உடல் பதம் இழந்துவிட்டது. இனித் துளைக்க ஆகாது. ஆனால் அது நல்ல கலப்பு உருக்கு. கொல்லர்கள் உளிக்கும் சம்மட்டிக்கும் விரும்பி வாங்குவார்கள்.

அமிலம் பற்றிய கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அமிலம் உருக்கைக் கரைக்கும், உண்மை. அதே அமிலம் கோபால்ட்டையும் கரைக்கும். கோபால்ட் போன கார்பைட்டின் மேற்பரப்பு பசை இழந்து பொருபொருவென்று உதிரும். இருபது கிலோ உருக்கைக் கரைக்கத் தேவைப்படும் அமிலத்தையும், அதிலிருந்து எழும் ஐதரசன் வாயுவையும், கடைசியில் மிஞ்சும் உலோகக் கரைசலையும் பட்டறையில் யாரும் ஒழுங்காகக் கையாள முடியாது. கிணற்று நீர் குடிக்கும் ஊரில் அதை நிலத்தில் ஊற்றுவது பக்கத்து வீட்டாருக்குச் செய்யும் கொடுமை. தொழிற்சாலைகளில் கார்பைட்டை மீட்பது முற்றிலும் வேறு விதம். உருகிய துத்தநாகத்தில் 900 பாகைக்கு மேல் அமிழ்த்துவார்கள். துத்தநாகம் கோபால்ட்டோடு கலந்து துண்டை உப்பவைத்துப் பிளக்கும். பிறகு வெற்றிடத்தில் துத்தநாகத்தை ஆவியாக்கிவிட்டால் பழைய தூளே திரும்பக் கிடைக்கும். அதைப் பட்டறையில் செய்து பார்க்கும் எண்ணம் துளியும் வேண்டாம்.

எடுத்தது கார்பைட்தானா என்று உறுதி செய்ய எளிய வழிகள் உண்டு. காந்தம் இலேசாக ஒட்டும், ஏனெனில் கோபால்ட் காந்தத்தால் ஈர்க்கப்படுவது. ஆனால் உருக்கைப் போலப் பற்றி இழுக்காது. அரம் வழுக்கிக்கொண்டு போகும். சந்தேகமறத் தெரிய, நகைக்கடைத் தராசில் முதலில் காற்றில் நிறுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுங்கள். முதல் எடையை, இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 42 கிராம் துண்டு தண்ணீரில் 39.1 கிராம் காட்டினால் 42 ஐ 2.9 ஆல் வகுக்க 14.5 வருகிறது, அது கார்பைட். உருக்காக இருந்தால் 7.8 தான் வரும்.

தூசியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். முழுத் துண்டாக இருக்கும் கார்பைட்டைக் கையில் வைத்திருப்பதால் பெரிய கேடில்லை. அரைத்தால்தான் ஆபத்து. கோபால்ட்டும் டங்ஸ்டன் கார்பைட்டும் சேர்ந்த தூசி, நுரையீரலைத் தழும்பாக்கி மூச்சைச் சுருக்கும் ஒரு நோயை உண்டாக்குகிறது. கடின உலோக நுரையீரல் நோய் என்று மருத்துவர்கள் அழைக்கும் அது சிலருக்குத் திரும்பச் சரியாவதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2006 இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இந்தக் கலவையை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் 2ஏ வகையில் வைத்தது. மூக்கைச் சுற்றிக் கட்டும் துணியும், மருத்துவமனையில் போடும் மெல்லிய முகக்கவசமும் இந்தத் தூசியை நிறுத்தாது. உலோகத் தூசிக்கென்று வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். ஈரம் சொட்டவிட்டு அரையுங்கள். அந்தத் தண்ணீரையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், கோபால்ட் அதில் கரைந்து சேரும். வேலை உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். இதெல்லாம் செய்ய முடியாது என்றால் அரைக்கவே வேண்டாம். விற்பதற்கு அரைக்கத் தேவையில்லை.

கருவியாக்க விரும்பினால் எது பொருந்தும், எது பொருந்தாது என்று தெரிந்துகொள்ளுங்கள். இது பாறைக்கென்று செய்த கரடுமுரடான ரகம். லேத்தில் உருக்குக் கடையும் முனையாக வைத்தால் சீக்கிரம் குழி விழுந்துவிடும். வார்ப்பிரும்பு, பித்தளை, மரம் ஆகியவற்றுக்கு ஓரளவு உதவும். கல் கொத்தும் உளியின் நுனி, தகட்டில் கோடு கீறும் வரைகோல், கல்லில் அடையாளம் இடும் முனை ஆகியவற்றுக்கு மிக நன்று. அலவாங்கு நுனியில் ஒட்டித்தரச் சொல்லிக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். அலவாங்கால் நெம்புவார்கள், கார்பைட் நெம்பலைத் தாங்காது. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து வயல்களில் ஓடும் ரொட்டவேற்றர் கத்திகளின் முனையில் உடைந்த சில்லுகளைப் பிரேசிங் செய்து பதித்தால் கத்தியின் ஆயுள் கூடும். ஆர்க் வெல்டிங்கில் அதைச் செய்தால் கார்பைட் உருக்கில் கரைந்து கெட்டுவிடும். உடைந்த சில்லுகள் ஏற்கெனவே சாக்கில் கிடப்பவையாகவே இருக்கட்டும். இதற்காக நல்ல பட்டனை உடைக்க வேண்டாம்.

ஒட்டும்போது கார்பைட்டின் முகத்தைப் பச்சைச் சாணைக்கல்லிலோ வைரச் சாணையிலோ புதிதாகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். சாதாரணச் சாம்பல்நிறக் கல் அதில் ஏறாது. வெங்காரம் பூசி, காட்மியம் இல்லாத வெள்ளிக் கம்பியால் ஒட்டுங்கள். பெரிய துண்டென்றால் உருக்குக்கும் கார்பைட்டுக்கும் நடுவே மெல்லிய செம்புத் தகடு ஒன்றை வையுங்கள். குளிரும்போது உருக்கு அதிகம் சுருங்கிக் கார்பைட்டை இழுக்கும். மென்மையான செம்பு அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளும். பிறகு சாம்பலில் புதைத்து ஆறவிடுங்கள்.

சாக்கில் கோர் பிட்கள், அதாவது பாறையை உருளையாக வெட்டியெடுக்கும் மெல்லிய வளையம் போன்ற பிட்கள், இருந்தால், அவற்றின் முனையில் இருப்பது வைரத் தூள் கலந்த உலோகம். அந்த வைரங்கள் மணல் அளவே உள்ள செயற்கைக் கற்கள். எடுக்கும் செலவுக்கு ஈடாகாது, தனியே ஒதுக்குங்கள். முகத்தில் கண்ணுக்குத் தெரியும் வைரங்கள் பதித்த பிட் ஏதாவது கிடைத்தால் மட்டும் அதைத் தொடாமல், பிட் தயாரிப்பவர்களுக்கு வழங்கும் முகவரிடம் விலை கேளுங்கள். கறுத்த வட்டத் தகடுகள் பதித்த எண்ணெய்க்கிணற்று ரகம் இங்கே வருவது அரிது. வந்தால் 700 பாகைக்கு மேல் சூடாக்காதீர்கள், அதன் வைரப் படலம் கெட்டுவிடும்.

விற்பதற்கு மூன்று பாத்திரங்கள் போதும்: முழுப் பட்டன்கள், பிரேசிங் ஒட்டியிருக்கும் தகடுகள், உடைந்த சில்லுகள். கலந்து வைத்தால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் கடைசி ரகத்தின் விலையையே போடுவார். உருக்கு ஒட்டிய துண்டு ஒன்றுகூட முழுப் பட்டன்களுக்குள் இருக்கக் கூடாது. உள்ளூர் இரும்புக்கடையை விட, கார்பைட்டையே தனியாக எடுக்கும் கொழும்பு வியாபாரிகளிடம் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பிட்களைக் கொடுத்த குவாரியிடமிருந்து, கழித்த பொருளை உங்களுக்கு விற்றதாக ஒரு ரசீது வாங்கி வையுங்கள். விலையுள்ள உலோகத்தைக் கிலோக் கணக்கில் கொண்டுபோகும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வேறு யாராவது சாக்கோடு கொண்டுவந்து தருவதை வாங்கும்போது எதையும் நெருப்பருகே கொண்டுபோகாமல், தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பிப் பாருங்கள். மூதூர், சம்பூர் போன்ற போர் நடந்த இடங்களின் பழைய இரும்பில் வெடிக்காத பொருட்கள் கலந்து வந்துவிடலாம். பிட் என்று உறுதியாகத் தெரியாத உருளையோ, மூடிய குழாயோ கண்ணில் பட்டால் கைவைக்காமல் விலகி நின்று பொலிசுக்குத் தகவல் கொடுங்கள்.